டக் என்று ஒரு சத்தம்!
(மாருதி வேனின் சஸ்பென்ஷன்: ஒரு பாடம், ஒரு அனுபவம்)

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்



"சஸ்பென்ஷன் எதற்கு?" என்று வைவாவில் கேட்டால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர், "பயணம் சொகுசாக இருக்க, சார்" என்றுதான் சொல்லுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன். மார்க்கும் கிடைத்தது. ஆனால் அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் சித்தப்பாவின் ஸ்கூல் வேன்.

சித்தப்பாவிடம் 2011 மாடல் மாருதி ஆம்னி ஒன்று இருக்கிறது. காலையிலும் மாலையிலும் பள்ளிப் பிள்ளைகள். இடையில் கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரி வாடகை. குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த வண்டிதான். போன வருஷம் வண்டியின் பின்பக்கத்தில் "டக்" என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. "என்னடா தம்பி, நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, பாரேன்" என்றார். சேசிஸ் பேப்பரில் 84 மார்க் வாங்கிய கர்வம் எனக்கு. வண்டியின் பின்மூலையை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஷாக் அப்சார்பர் போச்சு சித்தப்பா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

அவரும் நம்பி இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார். சத்தம் போகவில்லை. அடுத்த வாரம், "நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் இடது பக்கம் சாய்ந்து நிக்குதுடா" என்றார். "வீல் அலைன்மெண்ட் பண்ணுங்க" என்றேன். அதையும் செய்தார். ஸ்டீயரிங் நாலு நாள் நேராக நின்றது. பிறகு பழைய கதைதான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை. ஏரிக்கரை ரோடு. உள்ளே எட்டுப் பிள்ளைகள். ஆடு ஒன்று குறுக்கே பாய, சித்தப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி நேராக நிற்கவில்லை. பின்பக்கம் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய், கரையின் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கடவுள் புண்ணியம், யாருக்கும் அடி இல்லை. அன்று மாலை சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அந்தச் சத்தத்தின் காரணம் என்ன? அதைக் கடைசியில் யார் கண்டுபிடித்தார்? சொல்கிறேன். அதற்கு முன் பாடத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பாடம் சரியாகப் புரிந்திருந்தால் நானே கண்டுபிடித்திருக்க வேண்டிய விஷயம் அது!

வில் வண்டியிலிருந்து ஆம்னி வரை

நம் தாத்தா காலத்தில் கட்டை வண்டி, வில் வண்டி என்று இரண்டு வகை மாட்டு வண்டிகள் இருந்தன. கட்டை வண்டியில் அச்சு நேராக வண்டிச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் உட்கார்ந்திருப்பவர் முதுகும் கூடவே இறங்கும். வில் வண்டியில் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருக்கும். பெண் பார்க்கப் போவதென்றால் வில் வண்டிதான்! அந்த வில்தான் நம் பாடத்தில் வரும் லீஃப் ஸ்பிரிங். மெக்கானிக்குகள் பேச்சில் "பட்டை". குதிரை வண்டிக்கான நீள்வட்ட வில்லுக்கு இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ல் பேடண்ட் வாங்கினார். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தத்துவம் மாறவில்லை.

ஜப்பானின் சுசுகி கேரி வண்டியை ஒட்டி மாருதி வேன் நம் நாட்டில் 1984-ல் வந்தது. 1988-ல் அதற்கு ஆம்னி என்று பெயர் சூட்டினார்கள். 796 சி.சி. என்ஜின் முன் சீட்டுக்கு அடியில், ஓடுவது பின்சக்கரத்தால். 2019-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் ஊருக்கு ஊர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு இது நல்ல பாட வண்டி. ஏனென்றால் முன்னால் ஒரு வகை சஸ்பென்ஷன், பின்னால் இன்னொரு வகை. ஒரே வண்டியில் இரண்டு அத்தியாயம்!

உண்மையான வேலை என்ன?

சஸ்பென்ஷனுக்கு மூன்று வேலை.

ஒன்று: வண்டியின் பாரத்தைத் தாங்குவது.
இரண்டு: ரோட்டின் அதிர்ச்சி பாடிக்குப் போகாமல் தடுப்பது.
மூன்று: டயரை எப்போதும் ரோட்டோடு ஒட்ட வைத்து, சக்கரம் எந்தத் திசையில் நிற்க வேண்டுமோ அந்தத் திசையிலேயே பிடித்துக்கொள்வது.

மூன்றாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பிரேக் பிடிப்பது டிரம்மோ டிஸ்க்கோ அல்ல. கடைசியில் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள உள்ளங்கை அளவு ரப்பர்தான். அந்த ரப்பர் தரையை விட்டு எழும்பினால் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. ஆகவே சஸ்பென்ஷன் என்பது சொகுசு மட்டுமல்ல. அது பிரேக்கின் கூட்டாளி, ஸ்டீயரிங்கின் கூட்டாளி.

ஸ்பிரிங்: கொஞ்சம் கணக்கு

பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான். ஹூக் விதி நமக்குத் தெரியும். விசை = விறைப்பு × அமுக்கம். ஸ்பிரிங் மேல் பாரம் வைத்தால் எவ்வளவு அமுங்குகிறதோ, அதை வைத்தே வண்டி நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம்.

அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) = 0.498 ÷ √அமுக்கம் (மீட்டரில்)

ஒரு பின்ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீ.க்கு 25 நியூட்டன் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

ஆள் நிறைய இருக்கும்போது அதன் மேல் 250 கிலோ: 250 × 9.81 ÷ 25 = 98 மி.மீ. அமுக்கம். அதிர்வெண் சுமார் 1.6 ஹெர்ட்ஸ்.

காலி வண்டியில் 120 கிலோ: 120 × 9.81 ÷ 25 = 47 மி.மீ. அமுக்கம். அதிர்வெண் சுமார் 2.3 ஹெர்ட்ஸ்.

புரிகிறதா? ஸ்பிரிங் அதேதான். பாரம் குறைந்ததும் ஆட்டம் வேகமாகிவிட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வேன் ஏன் தவளை மாதிரி குதிக்கிறது என்பதற்கு இதுதான் விடை. காலி வண்டி குதிப்பதைப் பார்த்து "ஷாக் போச்சு" என்று சொல்லக் கூடாது. (நான் சொன்னேன்!)

வேனில் இந்தப் பிரச்சினை ஏன் பெரிது? ஆம்னியின் சொந்த எடை 800 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஆள் 60 கிலோ என்றால் 8 பேர் 480 கிலோ. தன் எடையில் பாதிக்கும் மேலே சுமக்கிறது! டிரைவரும் பக்கத்து ஆளும் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார்கள். மற்ற ஆட்கள், மூட்டை முடிச்சு எல்லாம் பின்னால். அதனால் பாரத்தின் ஏற்ற இறக்கம் முழுக்கப் பின்சஸ்பென்ஷன் தலையில்தான்.

ஷாக் அப்சார்பர்: பெயரே தப்பு!

அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய பின் அது ஆடிக்கொண்டே இருக்குமே, அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு ஆடும். காலைத் தரையில் தேய்த்தால் நிற்கும். அந்தக் கால்தான் ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன், சின்னத் துளைகள், வால்வு, எண்ணெய். ஆட்டத்தின் சக்தி எண்ணெயைத் துளை வழியே தள்ளுவதில் வெப்பமாக மாறிப்போகிறது. சமதளமில்லாத ரோட்டில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம்.

கேஸ் வகையில் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். எண்ணெய் நுரைக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. நுரைத்த எண்ணெய் தடை கொடுக்காது.

சோதனை எப்படி? மூலையை நன்றாக அமுக்கி விடுங்கள். மேலே வந்து ஒரு ஆட்டம், மிஞ்சினால் ஒன்றரை ஆட்டத்தில் அடங்க வேண்டும். அதற்கு மேல் ஆடினால் சந்தேகம். உடம்பில் லேசான ஈரப்பசை இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் மாற்ற வேண்டும். டயர் சுற்றளவில் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம். ஒரு ஆக்ஸிலில் மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

முன்னால்: மெக்பெர்சன் ஸ்ட்ரட்

ஏர்ல் மெக்பெர்சன் அமெரிக்க என்ஜினீயர். 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது இந்த யோசனையில் இறங்கினார். பிறகு ஃபோர்டு கம்பெனிக்குப் போனார். அங்கே 1950-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்கள் இதை உலகறியச் செய்தன.

இதன் அழகு என்னவென்றால், ஒரே தூண் மூன்று வேலை பார்க்கிறது. காயில் ஸ்பிரிங் அதன் மேல் உட்காருகிறது. ஷாக் அப்சார்பர் அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் சுழலும் அச்சும் அதுவே. கீழே லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட். மேலே ரப்பர் மவுண்ட், பேரிங். பாகம் குறைவு, இடம் குறைவு. சின்ன வேனுக்கு வேறென்ன வேண்டும்?

இங்கே ஓர் எச்சரிக்கை. கொட்டை எழுத்தில் எழுத வேண்டிய விஷயம். ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டை ஒருநாளும் கழற்றாதீர்கள்! மி.மீ.க்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் 150 மி.மீ. அமுங்கியிருந்தால் உள்ளே அடைபட்டிருக்கும் சக்தி ½ × 20,000 × 0.15 × 0.15 = 225 ஜூல். 10 கிலோ கல் ஒன்று இரண்டே கால் மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். லேப்பில் அவசரப்படும் நண்பர்கள் இதை நினைவில் வைக்கவும்.

பின்னால்: பட்டை

பின்பக்கம் ஒரே ஆக்ஸில், இரு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். நீளமானது மெயின் பட்டை. அதன் இரு முனையும் சுருண்டு கண் மாதிரி இருக்கும். முன்கண், புஷ் வைத்து வண்டிச் சட்டத்தோடு நேராக மாட்டப்பட்டிருக்கும். பின்கண் ஷாக்கிள் என்ற ஊசலாடும் இணைப்பில் தொங்கும். ஏன்? வளைந்த பட்டை அமுங்கினால் நேராகி நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்க ஒரு முனை நகர வேண்டும்.

பட்டைகளின் நடுவில் ஓட்டை போட்டுக் கோர்ப்பது சென்டர் போல்ட். அதன் தலை, ஆக்ஸில் மேல் உள்ள ஸ்பிரிங் சீட்டின் குழியில் உட்காரும். பிறகு இரண்டு யூ-போல்ட் போட்டு ஆக்ஸிலோடு இறுக்குவார்கள்.

இப்போது கவனியுங்கள். காயில் ஸ்பிரிங் பாரத்தை மட்டும்தான் தாங்கும். பட்டை அப்படியல்ல. பாரத்தையும் தாங்கும், ஆக்ஸில் முன்னே பின்னே, பக்கவாட்டில் நகராமல் பிடித்தும் வைக்கும். சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் விசை, பிரேக் பின்னே இழுக்கும் விசை எல்லாம் பட்டை வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. அந்தப் பிடியைக் கொடுப்பது யூ-போல்ட்டின் இறுக்கம். சென்டர் போல்ட் வெறும் இடம் காட்டிதான். விசையைத் தாங்க அது படைக்கப்படவில்லை. யூ-போல்ட் தளர்ந்தால் அத்தனை விசையும் அந்தச் சின்ன போல்ட்டின் மேல் விழும். எத்தனை நாள் தாங்கும்?

பட்டை ஷெட்டில் ஒரு பாடம்

இப்போது கதைக்கு வருவோம். ஏரிக்கரைச் சம்பவத்துக்கு மறுநாள் சித்தப்பா வண்டியை லாரிப் பட்டை வேலை செய்யும் ஒரு பெரியவரின் ஷெட்டுக்கு மெதுவாக ஓட்டிப்போனார். நானும் கூடப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, சத்தம் எப்ப வருது?"

"பின்னாடிலேர்ந்து வருது ஐயா."

"எங்கேர்ந்துன்னு கேக்கலே. எப்பன்னு கேட்டேன்."

நான் முழித்தேன். சித்தப்பாதான் சொன்னார்: "கிளட்ச் விட்டுக் கிளம்பும்போது ஒரு டக். பிரேக் அடிச்சா ஒரு டக். மேடு பள்ளத்துல அவ்வளவா இல்லீங்க."

"அப்ப ஷாக் அப்சார்பர் எப்படிப்பா காரணமாகும்? அது மேடு பள்ளத்துக்கு வேலை செய்யற சாமான். கிளம்பும்போதும் நிக்கும்போதும் சத்தம் வந்தா, முன்னே பின்னே எதுவோ நகருதுன்னு அர்த்தம்."

எனக்கு யாரோ தலையில் குட்டியது போல இருந்தது. மேலே நான் எழுதிய சஸ்பென்ஷனின் மூன்றாவது வேலையை, பத்தாவது தாண்டாத அந்தப் பெரியவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

பிறகு அவர் செய்தது இதுதான். தண்ணீர் தெளித்த மண்ணில் வண்டியை நேராக இருபது மீட்டர் ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று தடத்தைப் பார்த்தார். பின்சக்கரத் தடம் முன்தடத்தை விட்டு இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. நண்டு மாதிரி! அடுத்து, சிமெண்ட் தரையில் சக்கரங்களை நேராக வைத்து நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டை நான்கு சக்கர மையத்திலிருந்தும் தொங்கவிட்டுச் சாக்பீஸால் குறி போட்டார். டேப் பிடித்து அளந்தோம். ஆம்னியின் வீல்பேஸ் 1840 மி.மீ. இடது பக்கம் 1840 சரியாக இருந்தது. வலது பக்கம் 1825! ஆக்ஸிலின் வலது முனை 15 மி.மீ. முன்னே வந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1200 மி.மீ. 15 ÷ 1200 = 0.0125 ரேடியன். முக்கால் டிகிரிகூட இல்லை. ஆனால் 1840 × 0.0125 = 23 மி.மீ. பின்பக்கம் ஒதுங்கி ஓடுகிறது. ஸ்டீயரிங் ஏன் இடது பக்கம் சாய்ந்தது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. பின்சக்கரங்கள் பின்பக்கத்தை இடது பக்கம் தள்ள, வண்டி நேராகப் போக டிரைவர் முன்சக்கரத்தையும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். நான் சொன்ன அலைன்மெண்ட் என்ன செய்தது? முன்சக்கரத்தை மட்டும் திருத்தி, பின்னால் உள்ள நோயை மூடி மறைத்தது.

யூ-போல்ட்டைக் கழற்றினோம். கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. சென்டர் போல்ட் இரண்டு துண்டு. முறிந்த முகத்தில் பாதி துருப்பிடித்தும், பாதி பளபளவென்றும் இருந்தது. அதாவது பாதி எப்போதோ கீறல் விட்டு மெல்ல வளர்ந்திருக்கிறது. மீதி அண்மையில் முறிந்திருக்கிறது. புத்தகத்தில் ஃபட்டீக் என்று படித்தோமே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

காரணம் என்ன? இரண்டு வருஷம் முன்பு, "ஆள் ஏறினா பின்னாடி தாழுது" என்று சித்தப்பா ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார். அப்போது பழைய யூ-போல்ட்டையே மாட்டியிருக்கிறார்கள். அதன்பின் ஒரு தரம்கூட மறு இறுக்கம் செய்யவில்லை. புதிதாகச் சேர்த்த பட்டை அமர அமர, போல்ட் தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பிடி இல்லாத ஆக்ஸில் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு கோணத்தில் நின்றிருக்கிறது. வண்டி மேல் குற்றம் இல்லை. பராமரிப்பு மேல்தான் குற்றம். கொஞ்சம் என் மேலும்!

புது சென்டர் போல்ட், புது யூ-போல்ட், பின்கண்ணுக்குப் புது புஷ். ஷாக் அப்சார்பருக்குச் செலவானதில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை.

கூடுதல் பட்டை போடலாமா?

டிசைன் பாடத்தில் படித்திருக்கிறோம்: பட்டைக் கட்டின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம், கனத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். 3 பட்டை உள்ள கட்டில் அதே மாதிரி இன்னொன்று சேர்த்தால் விறைப்பு 33 சதவீதம் கூடும். எண்ணிக்கையை மாற்றாமல் கனத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினாலும் அதே 33 சதவீதம் கூடும் (1.1 × 1.1 × 1.1 = 1.331). வண்டி தாழாது, நிஜம்தான். ஆனால் காலி வண்டியின் குதிப்பு அதிகமாகும், டயர் தரையை விட்டு எழும்பும். பிரேக், டயர், பேரிங், ஆக்ஸில் எதுவும் பலம் கூடவில்லை. பட்டை மட்டும் "இன்னும் ஏத்து" என்று ஆசை காட்டுகிறது. தாழ்வது வண்டி நம்மிடம் சொல்லும் சொல்: "போதும்ப்பா!" அந்த வாயை அடைப்பது நல்லதல்ல. பழைய பட்டை தளர்ந்து வளைவு இழந்திருந்தால் கம்பெனி அளவுப்படி மாற்றுங்கள், கூட்டாதீர்கள்.

எப்போது சத்தம்? எங்கே தேடுவது?

பெரியவர் சொன்ன முறையில் நான் தயாரித்துள்ள பட்டியல் இது. நோட்டில் எழுதி வையுங்கள்.

கிளம்பும்போதும் பிரேக்கிலும் "டக்": யூ-போல்ட், சென்டர் போல்ட், பட்டையின் முன்கண் புஷ்.

சின்ன மேடு பள்ளத்தில் "கடகட": ஷாக் அப்சார்பர் முனை புஷ், ஷாக்கிள் புஷ், ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பு.

பெரிய பள்ளத்தில் மட்டும் "தொம்": பம்ப் ஸ்டாப் ரப்பர் அடிபடுகிறது. அதிக பாரம் அல்லது தளர்ந்த ஸ்பிரிங்.

ஸ்டீயரிங் திருப்பும்போது "கிர்க்" அல்லது ஸ்பிரிங் துள்ளும் சத்தம்: ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், பேரிங்.

சத்தமே இல்லாமல் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது: முறிந்த பட்டை, தளர்ந்த ஸ்பிரிங். சமதரையில் நிறுத்தி, காற்றைச் சரிபார்த்தபின், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவு வரை நான்கு பக்கமும் அளந்து ஒப்பிடவும்.

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம்: பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆட்டம்: பெரும்பாலும் டை ராடு முனை.

பராமரிப்பில் செய்ய வேண்டியவை

1. பட்டையைக் கழற்றி மாட்டினால் யூ-போல்ட் புதிது போடுங்கள். நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காகச் சமமாக இறுக்குங்கள். எவ்வளவு டார்க் என்பது சர்வீஸ் மேனுவலில் உண்டு. 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்க்க மறக்காதீர்கள்.

2. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்காதீர்கள். வண்டியை இறக்கி, தன் பாரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

3. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசல் அடிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இரும்புக்கு அது மினுமினுப்பு. ரப்பர் புஷ்ஷுக்கு அது விஷம். ரப்பர் ஊதி மெத்தென்று ஆகிவிடும்.

4. முறிந்த பட்டைக்கு வெல்டிங் வேண்டாம். அது ஹீட் ட்ரீட்மெண்ட் செய்த சிலிக்கான்–மாங்கனீசு ஸ்டீல். வெல்டிங் சூட்டில் அதன் குணமே போய்விடும். பற்ற வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப முறியும்.

5. மாதம் ஒரு முறை டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் பாருங்கள். பட்டை நடுவே துருக்கோடு தெரிகிறதா? யூ-போல்ட் நட்டைச் சுற்றி செந்தூள் கசிகிறதா? இரண்டும் ஏதோ நகர்கிறது என்பதற்குச் சாட்சி.

6. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், தரையில் நிற்கும் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

7. சஸ்பென்ஷன் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் வீல் அலைன்மெண்ட். முன்னால் செய்தால் காசு தண்டம்.

வைவாவுக்கு நாலு கேள்வி

கேள்வி: பட்டையின் ஒரு முனைக்கு மட்டும் ஷாக்கிள் ஏன்?
பதில்: அமுங்கும்போது பட்டை நீள்வதற்கு இடம் கொடுக்க. இரு முனைக்கும் ஷாக்கிள் வைத்தால் ஆக்ஸிலை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஆக்ஸிலைப் பட்டையோடு பிடித்திருப்பது எது?
பதில்: யூ-போல்ட்டின் இறுக்கம். சென்டர் போல்ட் இடம் காட்ட மட்டும்.

கேள்வி: பின்னால் காயில் ஸ்பிரிங் போட்டால் வேறென்ன தேவை?
பதில்: ஆக்ஸிலைப் பிடித்துக்கொள்ளத் தனியாக லிங்க் கம்பிகள். 2010-ல் வந்த மாருதி ஈக்கோவின் பின்பக்கத்தில் பட்டைக்குப் பதில் மூன்று லிங்க் அமைப்பு இருப்பது இதனால்தான்.

கேள்வி: சஸ்பென்ஷன் எதற்கு?
பதில்: இனிமேல் "சொகுசுக்கு" என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள் அல்லவா?

முடிவாக...

நண்பர்களே, டிப்ளமா முடித்து நாளை நாம் ஷோரூமிலோ, டெப்போவிலோ, சொந்த ஷெட்டிலோ நிற்கப் போகிறோம். "சார், சத்தம் வருது" என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவருவார். பாகத்தின் பெயரைச் சொல்லி மாற்றிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் காசு அவருடைய ஒரு வார வாடகையாக இருக்கலாம். அந்த வண்டியில் நாளைக் காலை எட்டுப் பிள்ளைகள் ஏறலாம். ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்போது வருகிறது?" பிறகு ஒரு டேப், ஒரு சாக்பீஸ், ஒரு தூக்குக்குண்டு. இந்த மூன்றும் ஐம்பது ரூபாய் சாமான்போலத் தோன்றலாம். ஆனால் என் 84 மார்க்கைவிட அவைதான் அன்று அதிகம் சொன்னன.

சித்தப்பாவின் வேன் இன்றும் ஓடுகிறது. அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டோம். ஆட்களையும் குறைத்துக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை யூ-போல்ட்டைப் பார்ப்பது என் வேலை. கழற்றிய சென்டர் போல்ட்டின் இரண்டு துண்டும் என் டிராயிங் பாக்ஸில் இருக்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் லேப் நேரத்தில் கேளுங்கள், காட்டுகிறேன்.